சேமித்து வைத்த ஒரு நாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் குறளும் கம்பனும் சிலம்பும் பேசப்பட்டு வருகின்றன. அவற்றைப் பேசுதற்குரிய புலமை நம்மிடம் இல்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இந்தக் கரக்பூரில் ரயில்வே எழுத்தராகக் காலந்தள்ளி வருபவர் நாம். பணியாளர்களின் விடுப்புக் கணக்கை எழுதுவதே நமது அன்றாட அலுவல். ஆகவே, பேச அழைத்தபொழுது முதலில் மறுத்தோம். செயலாளர் விடவில்லை. "அண்மையில் படித்ததையோ பார்த்ததையோ சொன்னால் போதும்" என்றார். அண்மையில் நாம் பார்த்தது ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சிக் கதை. அதைப் பற்றியே பேச முன்வந்துள்ளோம். தமிழ்ச் சங்க மேடையில் ஆங்கிலக் கதைக்கு என்ன வேலை என்று எவரேனும் கருதினால், இறுதிவரை பொறுத்தருளுமாறு வேண்டுகிறோம்.

சென்ற டிசம்பரில் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நம் மகன், ஓர் இரவு தன் கணினியைக் கூடத்து மேசைமேல் வைத்து, "அப்பா, ஒரு மணி நேரம் அலுவலகத்தை மறந்துவிட்டு இதைப் பாருங்கள்" என்றான். வங்காளிகள் கிறிஸ்துமஸைப் 'பொரொதின்' என்பார்கள். பெரிய நாள் என்பது அதன் பொருள். அடுத்த தெருவிலுள்ள ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார் கொடுத்தனுப்பிய கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு, நாமும் இல்லத்தரசியும் மகளும் அமர்ந்தோம். ஆங்கிலப் பேச்சு நமக்கு எட்டாத விரைவில் சென்ற இடங்களில் மகன் படத்தை நிறுத்தி விளக்கினான்.

அத்தொடரின் பெயர் 'டாக்டர் ஹூ'. பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23ஆம் நாள் அதனைத் தொடங்கியது. அதன் முதற்கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் என்பார் 1938இல் நம் லக்னோவிலே பிறந்தவர் என்று அறிந்தபொழுது நமக்கு ஒரு பெருமிதம் உண்டாயிற்று. கதைத் தலைவன் வேற்றுலகத்தைச் சேர்ந்தவன். 'டாக்டர்' என்பதே அவன் பெயர். நீல நிறமுள்ள பழைய போலீஸ் அறை ஒன்றில் ஏறிக் காலத்தின் முன்னும் பின்னும் செல்வான். வெளியே ஒருவர் நிற்கும் அளவு. உள்ளேயோ ஒரு மாளிகை! உயிருக்கு இறுதி நேரும்பொழுது அவன் மடிவதில்லை. வேறு உடலும் வேறு முகமும் பெறுகிறான். 1966இல் முதல் நடிகர் விலகியபொழுது இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தார்கள். அதனாலேயே நடிகர்கள் மாறினும் தொடர் நிலைத்தது. 1989இல் நின்று, இடையில் 1996இல் ஒரே ஒரு படமாகத் தலைகாட்டி, 2005இல் மீண்டும் தழைத்தது.

அந்நாட்டில் கிறிஸ்துமஸ் அன்று பகலுணவுக்குப் பின் பாட்டி முதல் பேரன் வரை ஒரே கூடத்தில் தொலைக்காட்சி முன் அமர்வது நெடுநாளைய வழக்கம். நமக்குத் தீபாவளியன்று பட்டிமன்றமும் புதுப்படமும் எப்படியோ, அவர்களுக்கு அன்று ஒளிபரப்பாகும் சிறப்புக் கதை அப்படி. 2005 முதல் 2017 வரை ஓர் ஆண்டும் தவறாமல் கிறிஸ்துமஸ் நாளன்று டாக்டரின் கதை ஒன்று வந்தது. நாம் பார்த்தது 2010ஆம் ஆண்டின் கதை. எழுதியவர் ஸ்டீவன் மாஃபட். இயக்கியவர் டோபி ஹேன்ஸ். பதினோராவது டாக்டராக மாட் ஸ்மித் நடித்திருந்தார். ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்கு மேல் அதைக் கண்டனராம்.

அக்கதையின் பெயர் 'ஒரு கிறிஸ்துமஸ் கீதம்' எனப் பொருள்படுவது. சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய புகழ்பெற்ற குறுநாவலின் பெயரும் அதுவே. அந்நாவலில் ஸ்குரூஜ் என்னும் கருமியை முக்காலத்து ஆவிகள் மூன்று வந்து திருத்துகின்றன. அந்த வேரிலிருந்தே இப்புதிய கதை முளைத்தது.

கதையைச் சுருக்கமாகக் கூறுகிறோம். எங்கோ ஒரு தொலைவான உலகம். அங்கே மூடுபனிக்குள் மீன்கள் பறவைகளைப்போல நீந்துகின்றன. அவ்வானத்தை அடக்கியாளும் பொறியொன்று காஸ்ரன் சார்டிக் என்னும் செல்வக் கிழவனிடம் உள்ளது. அவன் கை பட்டாலன்றி அப்பொறி அசையாது. 4003 பேரைச் சுமந்த விண்கலம் ஒன்று மேகத்திற் சிக்கி விழுந்துகொண்டிருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரமே உண்டு. கிழவன் ஒரு விசையைத் திருப்பினால் அத்தனை பேரும் பிழைப்பார்கள். அவன் மறுக்கிறான்.

ரயில்வே குடும்பத்தாராகிய தங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வண்டி வெளிச் சிக்னலில் நிற்கிறது, உள்ளே குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கிறார்கள், லைன் கிளியர் கொடுக்க வேண்டியவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கிறார். அதைக் கண்டு நமக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கிழவனின் மாளிகைக்கு அடியில் ஒரு நிலவறை. அவன் குடும்பத்தார் கடன் கொடுப்பவர்கள். நம்மூரில் நகையை அடகு வைப்பார்கள்; அங்கே மனிதரையே அடகு வைக்கிறார்கள். கடன் வாங்கிய குடும்பத்திலிருந்து ஒருவரை உறையவைத்து ஒரு பேழையில் இட்டுப் பூட்டிவிடுவார்கள். அப்படி உறைந்து கிடப்பவர்களுள் ஒருத்தி அபிகேல் என்னும் பெண். பண்டிகை நாளன்று மட்டுமேனும் அவளை வெளியே விடுமாறு அவள் குடும்பத்தார் கிழவனிடம் மன்றாடுகிறார்கள். அதற்கும் மறுப்பே விடை. இவள் யார் என்று டாக்டர் கேட்க, முக்கியமானவள் அல்லள் என்கிறான் கிழவன். தான் சுற்றிவந்த 900 ஆண்டுகளில் முக்கியமில்லாத ஒருவரையும் இதுவரை கண்டதில்லையே என்று டாக்டர் வியக்கிறான். நமது கணக்குப் பேரேட்டில் ஒவ்வொரு பணியாளரும் ஓர் எண்ணே. அவ்விடையைக் கேட்டபொழுது நமக்குச் சற்று நாணமாக இருந்தது.

டாக்டர் கிழவனோடு போரிடவில்லை. அவன் கூர்ந்து கவனித்தது ஒன்றே ஒன்று. ஏழைச் சிறுவன் ஒருவனை அடிக்கக் கை ஓங்கிய கிழவன், அடியாமலே கையைத் தாழ்த்திக்கொண்டான். இவன் முற்றும் கெட்டவன் அல்லன். தன் தந்தையிடம் அடிபட்டு வளர்ந்தவன் என்று டாக்டர் உணர்கிறான். உடனே காலத்தில் பின்னோக்கிச் சென்று, மீனைக் காணச் சாளரத்தைத் திறந்ததற்காக அறை வாங்கிய பன்னிரண்டு வயதுக் காஸ்ரனின் அறைக்குள் குதிக்கிறான். அன்றிரவு ஒரு சுறாமீன் அறைக்குள் புகுந்து டாக்டரின் கருவியைக் கடித்துப் பாதியை விழுங்கிவிடுகிறது. மேகத்தை விட்டு வந்ததால் அது சாகக் கிடக்கிறது. அதை மேகத்திற்குத் திரும்பக் கொண்டுசெல்ல ஒரு பேழை வேண்டியிருந்தது. அப்பொழுதுதான் அபிகேல் முதன்முதலாக எழுப்பப்படுகிறாள். அவள் பாடுகிறாள், சுறா அமைதியடைகிறது.

அன்று முதல் ஆண்டுக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு, டாக்டரும் சிறுவனும் வந்து பேழையைத் திறப்பார்கள். அவள் ஒரு நாள் உலாவி மீண்டும் உறைவாள். சிறுவன் வளர்ந்து வாலிபனாகிறான், காதல் மலர்கிறது. இங்கேதான் கதையின் முள் இருக்கிறது. பேழையின் முகப்பில் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு முறையும் அது ஒன்று குறைகிறது. அபிகேல் பேழைக்குள் வரும்பொழுதே தீரா நோயுடையவள்; எஞ்சியிருந்தவை எட்டு நாட்களே. அவள் அதனை எவரிடமும் சொல்லவில்லை. இன்னும் ஒரு நாளே மிச்சம் என்ற நிலையில் காதலனிடம் மட்டும் சொல்கிறாள்.

அவன் என்ன செய்தான்? அந்த ஒரு நாளைப் பூட்டி வைத்தான். இனி வரவேண்டாம் என்று டாக்டரை அனுப்பிவிட்டான். எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது? இன்றா, அடுத்த ஆண்டா? எடுத்தால் தீர்ந்துவிடுமே! அஞ்சி அஞ்சி ஆண்டுகள் கழிந்தன. அன்பு கசந்தது, அவன் கிழவனானான், நாம் முதலில் கண்ட கல்மனிதனே ஆனான். டாக்டர் அவனது இளமையைத் திருத்தினான். ஆயினும் அத்திருத்தமே அவனை மீண்டும் பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

இறுதியில் டாக்டர் ஓர் உபாயம் செய்கிறான். கிழவனுக்கு எதிர்காலத்தைக் காட்டுவதற்கு மாறாக, சிறுவனாகிய காஸ்ரனை அழைத்துவந்து, அவனுடைய எதிர்காலமாக இக்கிழவனைக் காட்டுகிறான். கிழவன் தன் இளமையையே அடிக்கக் கை ஓங்குகிறான். சிறுவன் அஞ்சி ஒடுங்குவதைக் கண்டு, அழுது, அவனை அணைத்துக்கொள்கிறான். மைக்கேல் காம்பன் என்னும் பெருநடிகர் அக்கிழவனாக நடித்தார். 2023இல் அவர் மறைந்தார். கொடிய தந்தையாகவும் அவரே நடித்திருந்ததால், ஓங்கிய அக்கை எவருடையது என்று நமக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அதுவே அக்காட்சியின் ஆற்றல்.

ஆனால் பொறி இப்பொழுது அவன் கைக்கு இசையவில்லை! தந்தை அப்பொறியை எந்த மகனுக்காக அமைத்தாரோ, அந்த மகனாக அவன் இப்பொழுது இல்லை. நல்லவனாக மாறியதாலேயே பயனற்றவனாகிவிட்டான். எஞ்சிய வழி ஒன்றே: அபிகேல் பாடவேண்டும். சுறாவின் வயிற்றிலுள்ள பாதிக் கருவி அப்பாட்டை மேகமெங்கும் பரப்பும், மேகம் தளரும், கலம் பிழைக்கும். அதற்கு அவளை எழுப்ப வேண்டும். அந்தக் கடைசி நாளைச் செலவழிக்க வேண்டும். பேழை திறக்கப்படுகிறது. தன் நாட்களைக் கருமிபோல் சேர்த்து வைத்துவிட்டாயே என்று அவள் மெல்லச் சொல்கிறாள், பின் பாடுகிறாள். 4003 பேரும் உயிரோடு தரையிறங்குகிறார்கள். பனி பெய்கிறது. கிழவனும் அவளும் தங்கள் ஒரே நாளைத் தொடங்குகிறார்கள். கதை அங்கே முடிகிறது.

இக்கதையில் குறை இல்லாமல் இல்லை. ஒரு மனிதனைக் கேளாமல் அவன் இளமையைத் திருத்துவது முறையா என்று மகனிடம் வினவினோம். நாலாயிரம் உயிர் பெரிதல்லவா என்றான் அவன். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இல்லத்தரசி கேட்டது வேறு. "ஆண்கள் இருவரும் அந்தப் பெண்ணைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள். இந்த ஆண்டு வெளியே வருகிறாயா என்று அவளை யாரும் கேட்கவில்லையே!" என்றார். நாம் விடை கூறவில்லை. சற்று நேரம் கழித்து அவரே தாழ்ந்த குரலில், "உங்கள் அம்மாவும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்" என்றார்.

அன்பர்களே, இந்த ஒரு வாக்கியத்தின் பொருட்டே நாம் இன்று மேடை ஏறினோம்.

நம் அன்னையார் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரில் தமையனார் வீட்டில் இருந்தார்கள். இங்கிருந்து ஓர் இரவும் ஒரு பகலும் வண்டியிற் கழித்துச் சென்னை சேர்ந்து, வண்டி மாறிச் செல்ல வேண்டும். பிள்ளைகளின் கோடை விடுமுறையில் ஆண்டுக்கு ஒரு முறை போவோம். போக வர ஆகும் நாட்களைக் கழித்தால் அன்னையாரோடு இருப்பது எட்டு நாள். ஆம், எட்டே நாள். மீதி ஆண்டு முழுதும் அவர்கள் நமக்குத் தொலைபேசியில் வரும் குரல் மட்டுமே.

நமது விடுப்பு விதிகள் தங்களில் பலருக்குத் தெரியும். சராசரி ஊதிய விடுப்பு, அரையாண்டுக்கு 15 நாளாக வரவு வைக்கப்படும், எடுக்காவிடில் சேரும், 300 நாள் வரை சேர்ந்ததற்கு ஓய்வு பெறும்பொழுது பணம் கிடைக்கும். அந்தக் கணக்கை எழுதுபவரே நாம் அல்லவா? பிறர் கணக்கில் இருப்பு ஏறக் காணும்பொழுது நமது கணக்கும் ஏற வேண்டும் என்ற ஆசை பிறந்தது. மகளின் திருமணத்துக்கு உதவும், ஓய்வுக்காலத்துக்கு உதவும் என்று எண்ணினோம். அந்த எண்ணம் தவறு என்று இப்பொழுதும் சொல்லமாட்டோம். ஆனால் அது எண்ணத்தில் நில்லாமல் ஒரு பழக்கமாகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில் அன்னையார் தொலைபேசியில், "இந்தத் தீபாவளிக்கு நாலு நாள் வந்துவிட்டுப் போயேன், தம்பி" என்றார்கள். அவர்கள் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை. "கோடையில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் வந்து தங்குகிறோம், அம்மா, அதற்காக விடுப்பைச் சேர்த்து வைக்கிறோம்" என்றோம். "சரி, கணக்குப் பார்த்து வா" என்றார்கள். அவர்கள் சொற்களில் வருத்தம் தொனிக்கவில்லை. அல்லது தொனித்தது நமக்குக் கேட்கவில்லை.

மாசியில் அவர்கள் காலமானார்கள்.

காரியங்களுக்காகப் பதின்மூன்று நாள் விடுப்பு எடுத்தோம். மேலதிகாரி ஒரு சொல்லும் கூறாமல் கையெழுத்திட்டார். ஐப்பசியில் கேட்டிருந்தாலும் அவ்வாறே இட்டிருப்பார். நாம்தாம் கேட்கவில்லை. கோடைக்கென்று சேர்த்த நாட்கள் இன்றும் நமது கணக்கில் இருக்கின்றன. நம் கையாலேயே அந்த இருப்பை ஒவ்வோர் அரையாண்டும் எழுதி வருகிறோம். காஸ்ரனின் பேழை முகப்பிலாவது எண் குறைந்து அவனை எச்சரித்தது; நமது பேரேட்டிலோ எண் ஏறிக்கொண்டே இருந்தது. அதனால் ஏமாந்தோம். அன்னையாரின் கணக்கில் அது குறைந்துகொண்டிருந்ததை அறிந்திலோம்.

காஸ்ரன் அந்த நாளை வெறுப்பினால் பூட்டவில்லை, அன்பினால் பூட்டினான். கதை நமக்குக் காட்டிய உண்மை இதுவே. ஊருக்குப் போகாதவர் எல்லோரும் அன்பற்றவர் அல்லர். பிறகு நிறைவாகக் கொடுக்கலாம் என்று இன்று குறைவாகக் கொடுக்கிறோம். அந்த 'பிறகு' நமது கையில் இருப்பதாக எண்ணுகிறோம். மறுபுறத்தில் பேழைக்குள் இருப்பவருக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை மறந்துபோகிறோம்.

இத்தொடரின் பழைய செய்தி ஒன்றைக் கூறி முடிக்க விழைகிறோம். இதன் கதைப் பகுதி முதன்முதலாகக் கிறிஸ்துமஸ் நாளன்றே வந்தது 1965 டிசம்பர் 25இல். முதல் டாக்டராகிய வில்லியம் ஹார்ட்னெல் அதன் முடிவில் கோப்பையை உயர்த்தி, படக்கருவியை நேரே நோக்கி, வீட்டிலிருந்து காண்போர் அனைவருக்கும் பண்டிகை வாழ்த்துக் கூறினார். அந்தப் படப்பதிவு பின்னாளில் அழிக்கப்பட்டது. நேயர் வீடுகளில் எடுத்த ஒலிப்பதிவால் அவர் குரல் மட்டும் தங்கிற்று. படம் சேமிக்கப்படவில்லை, ஆயினும் அந்த நாள் வீணாகவில்லை. உரிய நாளில் உரியவரைச் சென்று அடைந்துவிட்டது. காஸ்ரன் சேமித்தான், கொடுக்கவில்லை. இவர்கள் கொடுத்தார்கள், சேமிக்கவில்லை. இரண்டனுள் எதன் இழப்பு பெரிது என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறோம்.

எல்லோரும் நினைத்தபொழுது ஊருக்குப் போக இயலாது என்பதை அறிவோம். இரவுப் பணி உண்டு, கடன் உண்டு, பிள்ளைகளின் தேர்வு உண்டு. போக இயலாதவர்களை நோகடிக்க நாம் வரவில்லை. போக இயன்றும் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த அவையில் இரண்டொருவர் இருக்கக்கூடும். அவர்களுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம். இவ்விழா முடிந்து வீடு சென்றதும் ஊருக்கு ஒரு முறை பேசுங்கள். என்றைக்கு வரலாம் என்று நீங்கள் முடிவு செய்யுமுன், என்றைக்கு வரவேண்டும் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் நாளை எழுதிக்கொள்ளுங்கள்.

விடுப்பு விண்ணப்பம் எழுதுவதில் எவருக்கேனும் இடர்ப்பாடு இருப்பின், ஞாயிறு காலையில் நமது குவார்ட்டர்ஸுக்கு வாருங்கள். காப்பி தருகிறோம், விண்ணப்பமும் எழுதித் தருகிறோம். இருப்பு எவ்வளவு என்று மட்டும் அன்று கேட்காதீர்கள்.